நாய் குறுக்கே வந்த வளைவு

என் வீட்டுக்காரருக்கு மைலேஜ் பைத்தியம். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அவருடைய மெக்கானிக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான், அவரும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார். மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டிக்குள் நகைக்கும் நிலத்துக்கும் சண்டை வரும். எங்கள் வீட்டில் வண்டியின் கார்ப்பரேட்டருக்குச் சண்டை வரும்.

வண்டி பழைய நூறு சிசி வண்டி. நாலைந்து ஊர்களில் பால் எடுத்து, கேன்களை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு மேட்டில் ஏற்றிக் கொண்டுபோகிறவள் நான். எனக்கு வேண்டியது இழுவை. பெட்ரோல் வாங்கிப் போடுகிற ராஜாக்கண்ணுவுக்கு வேண்டியது மைலேஜ். இழுவையைக் கூட்டினால் வண்டி குடிக்கிறது என்பார். குடியைக் குறைத்தால் மேட்டில் நான்தான் இறங்கித் தள்ள வேண்டும் என்பேன். ஒரு வருஷம் இப்படியே போனது.

கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று செய்தார். என் பிடிவாதத்துக்காகப் பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற, பல் அதிகமான பெரிய ஸ்ப்ராக்கெட்டை மாட்டினார். அது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். அவருடைய ஆசைக்காகக் கார்ப்பரேட்டரில் சின்ன ஜெட் போட்டார். பெட்ரோல் போகிற ஓட்டை சிறுத்தால் காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் என்ஜினுக்குள் போகும். டேங்கை வடித்து, அளந்து ஒரு லிட்டர் ஊற்றிக்கொண்டு அடிவாரம் வரை தனியாகப் போய்த் திரும்பி வந்து, லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் கொடுக்கிறது என்று கடை முழுக்க அறிவித்தார்.

அந்த எண்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எங்கள் மலையில் யாரும் என்ஜினை ஓடவிட்டு இறங்குவதில்லை. உச்சி வந்ததும் சாவியை அணைத்து, நியூட்ரலில் போட்டு, வண்டியை அதன் போக்கில் விட்டுவிடுவார்கள். புளி மூட்டை இருந்தாலும் சரி, பெண்டாட்டி பிள்ளை இருந்தாலும் சரி, அடிவாரம் வரைக்கும் ஒரு சொட்டு பெட்ரோல் எரியாது. பாதித் தூரம் மலை இழுத்துக்கொண்டு போகிறது, பெயர் மட்டும் உங்கள் கார்ப்பரேட்டருக்கா என்று கேட்டேன். அவர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கரியே இல்லை பார் என்றார். செங்கல் நிறத்தில் இருக்க வேண்டிய முனை வெளுத்துப்போயிருந்தது. இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் செய்ததில் எனக்கும் அந்த அளவுக்குத் தெரியும். பெட்ரோல் போதாமல் என்ஜின் காய்கிறது, ஏற்றத்தில் ஆளை வைத்து இழுத்தால் தாங்காது என்றேன். இறங்கும்போது ஆறிவிடும் என்றார்.

அதற்கு அடுத்து ஒருமுறை மைலேஜ் பார்க்கப் போனபோதுதான் விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்தார். அடிவாரத்தில் பள்ளிக்கூடத்துக்கிட்ட நாய் குறுக்கே வந்துவிட்டது என்றார். முன்விளக்குக்கு மேல் இருந்த பிளாஸ்டிக் மூடியும் உடைந்திருந்தது. தன் தங்கை இளவரசியின் பெயரை அதில் சிவப்பு எழுத்தில் ஒட்டி வைத்திருந்தார். ‘இள’ மட்டும் வண்டியில் மிஞ்சியது. மாவுக்கட்டைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்த நாயைத் திட்டிவிட்டுப் போனார்கள், நானும் சேர்ந்து திட்டினேன்.

இளவரசி எங்களோடுதான் இருக்கிறாள். போன முறை அரசாங்க வேலைக்கான தேர்வுக்குப் போளூருக்குப் போனவள், பஸ் பாதி மலையில் நின்றுபோனதால் பிந்திவிட்டாள். கேட்டைச் சாத்திவிட்டார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ஹால் டிக்கெட்டைக் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அன்றைக்கு என் வீட்டுக்காரர் கடையில் டயர் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். அடுத்த முறை நம் வண்டியில்தான் போகிறாள் என்று அப்போதே சொன்னார். வண்டியைத் தட்டிக் கொட்டிக்கொண்டிருந்ததில் பாதி அவளுக்காகத்தான், அதை மறைக்கக் கூடாது.

அந்தத் தேர்வு மறுபடி வந்தது. ஒன்பது மணிக்குக் கேட் சாத்துவார்கள். முந்தின நாள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

“இன்னொரு தபா கேட்டுக்கு வெளிய நின்னேன்னா, புஸ்தகத்தையே தொட மாட்டேன் அண்ணி. அண்ணன் சொல்ற மாப்பிள்ளைய கட்டிக்கினு போய்டுவேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் பயமாகிவிட்டது.

காலையில் வண்டியை எடுக்கப் போனால் டேங்கில் அளந்து ஊற்றிய ஒரு லிட்டர்தான் இருக்கிறது. இரவு கார்ப்பரேட்டரைக் கழுவுகிறேன் என்று டேங்கை வடித்தவர், அளவு பார்க்கிற பழக்கத்தில் ஒரு லிட்டரை மட்டும் திருப்பி ஊற்றி, மிச்சத்தைக் கடையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். கடைக்குப் போய் எடுத்து வர நேரமில்லை. பெட்டிக்கடையில் பாட்டில் பெட்ரோலும் தீர்ந்துபோயிருந்தது. நான் கத்தினேன். போளூர் நாற்பது சொச்சம்தானே, எண்பது கொடுக்கிற வண்டிக்கு ஒரு லிட்டர் போதாதா என்றார்.

இளவரசி பின்னால் ஏறிக்கொண்டாள். மாமனார் சடையனும் அக்கம்பக்கத்துக்காரர்களும் அவளை அனுப்பிவைக்க வாசலில் நின்றார்கள். ராஜாக்கண்ணு நல்ல கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

“ஏம்மே, இறங்கும்போது...”

“இறங்கும்போது இன்னா?”

அவர் நின்றிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

“ஒண்ணுமில்ல. பாத்துப் போங்க.”

எங்கள் ஊரிலிருந்து முதலில் உச்சி வரைக்கும் ஏற்றம், அதன் பிறகு போளூர்ப் பக்கம் இறக்கம். ஏற்றத்தில் பாதிகூடப் போகவில்லை, என்ஜினுக்குள் கிணுகிணுவென்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. காலில் அனல் அடித்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தேன், இரண்டிலிருந்து ஒன்றுக்கு வந்தேன். ஆக்சிலரேட்டரை எவ்வளவு திருகினாலும் வண்டிக்கு மேலே போக மனசில்லை. ஒரு வளைவில் இருமிவிட்டு அணைந்தது.

உதைத்தேன், பிடிக்கவில்லை. ஆறவிட்டால் பிடிக்கும், ஆனால் கொஞ்ச தூரத்தில் மறுபடி காயும், மறுபடி நிற்கும். இளவரசி கீழே இறங்கி நின்றாள். கைப்பேசியில் மணியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

பெட்ரோல் போதாமல்தானே காய்கிறது, போதும் என்கிற அளவுக்குக் கொடுத்துத்தான் பார்ப்போமே என்று தோன்றியது. ஜெட்டை மாற்ற என்னிடம் ஜெட்டும் இல்லை, ஸ்பேனரும் இல்லை. சோக் இருந்தது. குளிர் காலையில் வண்டியைக் கிளப்ப மட்டும் இழுத்து, கிளம்பியதும் உடனே தள்ளிவிடுகிற பிடி அது. இழுத்தால் காற்று குறையும், பெட்ரோல் கெட்டியாக உள்ளே போகும். என்ஜின் கொஞ்சம் ஆறியதும் சோக்கைப் பாதி இழுத்துவைத்து உதைத்தேன். பிடித்துக்கொண்டது. பின்னால் கரும்புகையைக் கக்கிக்கொண்டு, இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு ஏறியது. பெரிய ஸ்ப்ராக்கெட்டின் இழுவை இப்போதுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் அந்தப் புகையைப் பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

உச்சியில் நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து வண்டியை ஆட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் சலசலத்தது, அவ்வளவுதான். இறக்கத்துக்கு அப்புறம் சமவெளியில் போளூர் வரை ஓட்ட வேண்டும். அதற்கு ஒவ்வொரு சொட்டும் வேண்டும்.

அதனால் மலைக்காரர்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். சாவியை அணைத்தேன். பெட்ரோல் குழாயையும் மூடினேன். நியூட்ரலில் போட்டேன். ஏற்றத்தில் விட்ட நேரத்தை இதில் பிடித்துவிடலாம் என்று வண்டியைத் தாராளமாகவே போக விட்டேன்.

முதல் சில வளைவுகள் சுகமாகத்தான் இருந்தன. சத்தமில்லை, காற்று மட்டும்தான். இளவரசி என் முதுகுக்குப் பின்னால் எதையோ முணுமுணுத்து மனப்பாடம் பார்த்துக்கொண்டு வந்தாள். பால் கேன்களோடு நான் போவது மேட்டுப் பக்கம்தான். இந்த இறக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு ஓட்டியதில்லை. வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பிடித்து, விட்டு, பிடித்து இறங்கினேன்.

பிறகு கருகல் நாற்றம் வந்தது. வேறு ஏதோ வண்டி என்று நினைத்தேன். முன்னேயும் பின்னேயும் வேறு வண்டியே இல்லை. கால் பிரேக்கை மிதித்தேன், மிதி கட்டை மாதிரி இறுகி நின்றது, ஆனால் வேகம் குறையவில்லை. கை பிரேக்கைப் பிடித்தேன், பிடி ஹேண்டில்பாரைத் தொடுகிற வரைக்கும் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். வண்டி கேட்கவில்லை.

மனப்பாடம் நின்றுவிட்டது. இளவரசியின் விரல்கள் என் இடுப்பில் பதிந்தன.

“அண்ணி, மெதுவா.”

“புடிச்சிக்கோ,” என்றேன். பிரேக் இல்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எதிரில் பெரிய புளியமர வளைவு தெரிந்தது. முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர், அதற்கு அந்தப் பக்கம் பள்ளம். இந்த வேகத்தில் அதில் திரும்ப முடியாது. செத்தோம் என்றுதான் நினைத்தேன். வீட்டில் விட்டு வந்த மகனையோ புருஷனையோ நினைக்கவில்லை, அந்தக் கேட்டைத்தான் நினைத்தேன். இவளை மறுபடியும் வெளியே நிறுத்திவிட்டோமே என்று ஆத்திரமாக வந்தது.

இடது காலடியில் கியர் இருந்தது. இறக்கத்தில் அதை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. என்ஜின்தான் அணைந்துகிடக்கிறதே, கியர் எதற்கு என்பதுதான் இங்கே எல்லோருடைய கணக்கும். ஆனால் அணைந்த வண்டியைக் கியரில் வைத்துத் தள்ளிப் பார்த்தவளுக்குத் தெரியும், அது நகரவே நகராது. கிளட்ச்சைப் பிடித்தபடி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மிதித்தேன். கிளட்ச்சை விட்டேன்.

வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. செத்துக் கிடந்த என்ஜின் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி ஊளையிட்டது. வேகம் கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. மூன்றுக்கு வந்தேன். பின்சக்கரம் கீச்சிட்டு ஒரு பக்கமாக இழுத்தது, ஹேண்டிலை நேராகப் பிடித்துக்கொண்டேன். சுவர் நெருங்கிவிட்டது. இரண்டு. என் இடுப்பெலும்பு வரைக்கும் அதிர்ந்தது. சண்டை போட்டு வாங்கிய பெரிய ஸ்ப்ராக்கெட் அங்கேதான் வேலை செய்தது. அது சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. நடக்கிற வேகத்துக்கு வந்து, சாலையோரச் சரளையில் உருண்டு, முன்சக்கரம் சுவரில் இடித்து நின்றது.

என்னால் இறங்க முடியவில்லை. இளவரசி இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு எட்டிப் பார்த்தவள், அந்தப் பக்கத்து உண்ணிச்செடிக்குள் கையை விட்டு எதையோ எடுத்தாள். உடைந்த பிளாஸ்டிக் துண்டு. அதில் சிவப்பு எழுத்தில் ‘வரசி’ என்று இருந்தது.

அதைக் கொண்டுவந்து முன்விளக்குக்கு மேலே ‘இள’வுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது.

“அண்ணன் வுழுந்தது அடிவாரத்துல பள்ளிக்கூடத்துகிட்டன்னுதான சொல்ச்சி?”

நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். பிரேக்கிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. நாயும் வரவில்லை, நரியும் வரவில்லை. இதே நியூட்ரலில் இறங்கி, இதே மாதிரி பிடித்துப் பிடித்தே பிரேக் காய்ந்து பிடிக்காமல் போய், இதே சுவரில் மோதியிருக்கிறார். காலையில் ‘இறங்கும்போது’ என்று ஆரம்பித்தது இதைத்தான். நாலு பேர் நிற்கிறார்கள் என்று அதை விழுங்கிவிட்டுத் தங்கையையும் பெண்டாட்டியையும் இதே வளைவுக்கு அனுப்பியிருக்கிறார். அந்த நிமிஷம் அவர் எதிரில் இருந்திருந்தால் மாவுக்கட்டு போட்ட கை என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

“மணி ஆவுது அண்ணி,” என்றாள் இளவரசி. அந்தத் துண்டை என் மடியில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

மிச்ச இறக்கம் முழுவதும் இரண்டாவது கியரில்தான் வந்தேன், கொஞ்சம் சரிவு குறைந்த இடத்தில் மூன்றாவதில். சாவி அணைந்தே இருந்தது, பெட்ரோல் குழாயும் மூடியே இருந்தது. பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும், மீதியை என்ஜினே பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டும் எரியவில்லை. இத்தனை வருஷமாக இந்த மலை முழுக்கப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறோம் என்று உயிரை நியூட்ரலில் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறது. கியரில் போட்டிருந்தாலும் அதே மிச்சம்தான்.

அடிவாரத்தில் குழாயைத் திறந்து, சாவியைப் போட்டு உதைத்தேன். பிடித்துக்கொண்டது. சோக்கை உள்ளே தள்ளினேன். சமவெளியில் அந்தச் சின்ன ஜெட் நன்றாகவே ஓடியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு பேரோடு, டேங்கின் அடியில் கிடந்ததை வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தாண்டியது. அந்த இடத்தில் மனுஷன் கெட்டிக்காரர்தான் என்று நினைத்தேன், நினைத்ததற்காக இன்னும் எரிச்சலானேன்.

போளூருக்குள் நுழைகிற இடத்தில் திக்கித் திக்கி நின்றது. ரிசர்வும் முடிந்துவிட்டது. இளவரசி குதித்து ஓடப் பார்த்தாள், இரு என்றேன். இரண்டு பேருமாக வண்டியை இடது பக்கம் படுக்கிற அளவுக்குச் சாய்த்தோம். டேங்கின் மறுபக்கத்தில் தேங்கிக் கிடந்தது குழாய்ப் பக்கம் வரும். நிமிர்த்தி உதைத்ததும் கிளம்பியது. தேர்வு நடக்கிற பள்ளிக்கூடம் தெரிந்தபோது கேட்டின் ஒரு கதவு சாத்தியாகிவிட்டது, இன்னொன்றைக் காவலாளி பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வண்டி நிற்பதற்குள் இளவரசி இறங்கிவிட்டாள். ஒரு கையில் ஹால் டிக்கெட், இன்னொரு கையில் செருப்பு. உள்ளே போனாள். அவள் பின்னாலேயே கேட்டைச் சாத்திவிட்டார்.

அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“போய்ட்டாளா?”

“போய்ட்டா.”

மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. கடையில் இருக்கிறார் போல, பின்னால் ஸ்பேனர் சத்தமும் பேச்சும் கேட்டன. பெட்ரோல் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். பழக்க தோஷம்.

“நாய் இன்னா கலருங்க?” என்றேன்.

“எந்த நாயி?”

“உங்க கைய ஒடச்ச நாயி.”

அவர் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன்.

“புளியமர வளைவுல பிரேக் புடிக்காம செவுத்துல போய் நின்னோம். ‘வரசி’ என் மடியிலதான் இருக்குது.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். காலையில் சொல்லத்தான் வந்தாராம். எல்லோரும் நின்றார்களாம். மெக்கானிக்கே பிரேக் இல்லாமல் விழுந்தான் என்றால் எவன் வண்டியை விடுவான் என்று நினைத்தாராம். புது பிரேக் கட்டை போட்டாயிற்றே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தாராம். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. எனக்கு இரக்கம் வந்தது, வந்ததை நான் காட்டவில்லை.

“கடையில இப்போ யாரு கீறாங்க?”

“ஆனந்தனும் சின்னராஜும்.”

“அவங்க இறக்கத்துல எப்படிப் போறாங்க?”

“எல்லாரும் போற மாதிரிதான்.”

“அப்போ அவங்களாண்ட சொல்லுங்க. நான் லைன்லதான் கீறேன்.”

போனைப் பட்டறை மேல் வைக்கிற சத்தம் கேட்டது. ஸ்பேனர் சத்தம் நின்றது. தொண்டையைச் செருமினார், நின்றார், மறுபடி செருமினார்.

“டேய் ஆனந்தா, அன்னிக்கி நாய் எதும் வர்லடா.”

யாரோ சிரித்தார்கள், சின்னராஜாகத்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் நிறுத்தவில்லை. நியூட்ரலில் இறங்கியது, பிரேக் காய்ந்தது, சுவர், இன்று காலையில் நாங்கள் இரண்டு பேரும் அதே இடத்தில் நின்றது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சிரிப்பு எங்கேயோ பாதியில் நின்றுபோனது.

பிறகு ஆனந்தனின் குரல் வந்தது, மெதுவாக.

“நான் தெனமும் பாப்பாவ முன்னாடி டேங்கு மேல குந்த வெச்சிக்கினு அப்டித்தான் இறங்குறேண்ணா.”

நான் போனை வைக்கவில்லை. கியரில் எப்படி இறங்குவது என்று ராஜாக்கண்ணு அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தார், நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்கு உள்ளே தேர்வு தொடங்குகிற மணி அடித்தது.